கச்சான் காற்றில் அடித்த ஒட்டு

முந்தல் என்ற ஊரில் சாஹுல் ஹமீதின் வெல்டிங் பட்டறைக்கு முன்னுக்கு ஒரு தகரக் கதவு, பின்னுக்கு ஒரு தகரக் கதவு. வேலை நேரத்தில் இரண்டையும் அவர் சாத்தியதே கிடையாது. வெயிலடித்தாலும் திறந்துதான் கிடக்கும், புழுதி பறந்தாலும் திறந்துதான் கிடக்கும். ஏன் என்று கேட்டால், "சாத்தினா ஊர் கதைக்கும்" என்பார். எவனோ ஒருவன் எந்தக் காலத்திலோ சந்தையில் நின்று கத்தியிருக்கிறான், என்னுடைய நல்ல பம்பு மூடியை எடுத்துக்கொண்டு ஓட்டை மூடியை ஒட்டித் தந்துவிட்டான் இந்த மனிசன் என்று. அன்றைக்குப் பிடித்த வைராக்கியம் அது. சாமான் கொண்டுவருகிறவன் கதிரையில் குந்தவேண்டும், கண்ணால் பார்க்கவேண்டும், பார்த்த சாமானையே கையில் வாங்கிக்கொண்டு போகவேண்டும். என்னை ஒருவரும் நம்பவேண்டாம், நானும் ஒருவரையும் நம்பமாட்டேன், சரிக்குச் சரி. இப்படித்தான் நினைத்துக்கொண்டு காலம் தள்ளினார்.

கேற்றும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிற மட்டும் இந்தச் சட்டத்தால் ஒரு குறையும் வரவில்லை. வார்ப்பு அலுமினியம் வேறு சாதி. இரும்பு உருகமுதல் சிவந்து காட்டும். இது காட்டாது. வெள்ளையாகவே கிடந்து, திடீரென்று கஞ்சி மாதிரி இடிந்து விழும். மருந்து பூசின கம்பியால் ஒட்டலாம், ஒரு மூடிக்கு அது காணும், பாரம் தாங்காது. ஃபோனில் காட்டுகிறார்களே, கேஸ் நெருப்பில் மெழுகாய் உருகி ஓடுகிற கம்பி, அது கண்ணுக்கு அழகு. இரண்டு குழாய்ப் பசையைக் குழைத்து அப்பி, மேலே பெயின்ட் அடிக்கிறவனும் இருக்கிறான், அவன் கதை வேண்டாம். பாரம் தாங்கவேண்டுமென்றால் ஆர்கன் வாயு ஊதுகிற டோர்ச்தான் வழி. சாஹுல் ஹமீது வயதுபோன காலத்தில் அந்தச் செட்டை வாங்கிப் பழகினவர். கடல் படுத்திருக்கிற மாதங்களில் வள்ளக்காரர் இஞ்சின் சாமான் கொண்டுவருவார்கள், ஒட்டிக் கொடுப்பார், ஒன்றும் திரும்பி வந்ததில்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எழும்பிவிட்டால் வள்ளங்கள் லொறியில் ஏறிக் கிழக்குக் கரைக்குப் போய்விடும். பிறகு பட்டறையில் இரும்பு வேலைதான். காற்று மாதத்தில் அலுமினியம் ஒட்டுகிற தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அந்த வருடம் வந்தது. காற்று எழும்பி ஒரு கிழமை இருக்கும். கஜலக்ஷ்மி என்ற பெண் ஈரச் சாக்கில் ஒரு பாரத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வன்னியில் இருந்து சண்டைக்காலத்தில் வந்து கடற்கரையில் குடியிருக்கிற குடும்பம். புருஷன் தவச்செல்வன், மீன்பிடி முதலாளியான முஸம்மில் சம்மாட்டியின் இஞ்சினைப் போட்டுத்தான் தொழில் செய்கிறான். சாக்கை அவிழ்த்தாள். வள்ளத்தின் பின்பலகையில் இஞ்சினைக் கவ்விப் பிடிக்கிற பிராக்கெட். ஒரு பக்கத்துக் கை நீளத்துக்கு வெடித்திருந்தது.

"சாஹுல் நானா, அவசரம். நாளைக்கு விடிய லொறி வெளிக்கிடுது. இது இல்லாட்டி எங்களை ஏத்தமாட்டினம்."

"அவசரமில்லாம என்னட்ட ஆரு வாற? எப்ப வெடிச்ச?"

"நேற்று. வள்ளத்தால இறக்கேக்க கை நழுவிக் கல்லில அடிபட்டிட்டுது."

"இதுக்கு முந்தி ஆரும் கை வச்சதா?"

"இல்லை."

"பசை கிசை?"

"இல்லை எண்டுறன்."

"எல்லாரும் இல்லை எண்டுதான் வாற. அந்தக் கதிரையில குந்து. கண்ணால பாத்துக்கிட்டிரி."

வேலையில் அவர் குறை வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். பெற்றோலால் கழுவினார். அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கிற பிரஷால், வெள்ளி வெளிக்கும்வரை தேய்த்தார். வெடிப்பு இன்னும் ஓடாமல் இருக்க அதன் நுனியில் துளை போட்டார். வெடிப்பு நெடுகிலும் வாய்க்கால் மாதிரி அரிந்தார். பிறகு கேஸ் சுவாலையைப் புகைய விட்டு மேலெல்லாம் கரி பூசி, அந்தக் கரி எரிந்து மறையும்வரை சூடு காட்டினார். சூடு காணுமா என்பதற்கு அதுதான் அடையாளம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். பிராக்கெட் சரிவருமா என்று பார்க்க முஸம்மிலும் வந்து அங்கே குந்தினான். கடைக்கார ஜபார் அவனுக்குப் பிளேன்டி கொடுத்துவிட்டு, காற்றுக்குத் தன் வடைச்சட்டியைப் பலகையால் மறைத்துக்கொண்டிருந்தான்.

சாஹுல் ஹமீது முகமூடியை இறக்கி டோர்ச்சைப் பற்றவைத்தார்.

உருகின இடம் கொதித்தது. அப்பச் சட்டியில் மா கொப்பளிக்கிற மாதிரிக் கொப்பளித்து, கறுத்து, ஆறினதும் பார்த்தால் தேன்வதை மாதிரி ஓட்டை ஓட்டையாய்க் கிடந்தது. அரிந்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் கறுப்பு. வாயுவைக் கூட்டி வைத்துப் பார்த்தார், அதற்கும் கறுப்பு. முகமூடியைத் தூக்கினபோது வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று கண்டார்.

"என்ன நானா, கரிக்கட்டியா வருது?" என்றான் ஜபார்.

அந்த ஒரு சொல்தான். அவருடைய கழுத்தெல்லாம் சூடேறிவிட்டது. ஒரு மனிதனுக்குக் கை பிசகினால், வாய் உடனே எவன் தலையில் போடலாம் என்று தேடும்.

"பசை போட்டிரிக்கி," என்றார். "உள்ளுக்க பசை. அதுதான் எரிஞ்சு கறுக்குது. மணக்குது, உங்களுக்கு மணக்கல்லையா?"

வாங்கில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவன் ஓம் ஓம் என்று தலையாட்டினான். முஸம்மிலும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஓம், ஒரு மணம் வரத்தான் செய்யுது" என்றான்.

கஜலக்ஷ்மி எழும்பிவிட்டாள். "என்ன கதை கதைக்கிறியள்? நேற்று வெடிச்ச சாமானுக்கு ஆர் பசை பூசினது?"

"அதைத்தான் கேக்கன். முந்தியே வெடிச்சிரிக்கி. நீங்க பசையை அப்பிப்போட்டு, சம்மாட்டிக்கு ஒளிச்சு, அதோட கடலுக்குப் போய் வந்திரிக்கிங்க. சத்தியம் பண்ணு பாப்பம், இல்லை எண்டு."

அவளுடைய சனத்தில் உண்மைக்கென்றாலும் பிள்ளைமேல் ஆணை வைக்கமாட்டார்கள். வைத்தால் அந்தப் பிள்ளைக்குத் தேய்வு என்று பயப்படுவார்கள். அது சாஹுல் ஹமீதுக்கும் தெரியும். முந்தலில் இத்தனை வருடம் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் முஸம்மிலைப் பார்த்தாள், வாங்கைப் பார்த்தாள். ஒருவரும் அவள் பக்கம் வாய் திறக்கவில்லை. குனிந்து உள்ளங்கையால் நிலத்தில் ஓங்கி அடித்தாள்.

"என்ர பிள்ளையாணை. ஒருத்தரும் பசை வைக்கேல்லை."

அந்த இடத்திலாவது அவர் விட்டிருக்கலாம்.

"பிள்ளையாண கேட்டுக் கேட்டு என்ட காது தேஞ்சு போச்சு," என்றார் சாஹுல் ஹமீது. "பொய்க்காரனுக்கு முதல்ல வாறது பிள்ளைதான்."

முஸம்மில் பிளேன்டிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினான். "இங்க பாரு பிள்ளை, இஞ்சின் என்ட. பசைப் பிராக்கெட்டோட கடலுக்கு விட்டா அது அடியில கிடக்கும். நாளைக்கு நீங்க ஏறவேணாம். பழைய பிராக்கெட் ஒண்டு வாடியில கிடக்கு, அதைப் பூட்டி என்னட்ட வேல செய்யிற நிலுக்சன் கொண்டு போகட்டும்."

"ஐயா, இந்தச் சீசன் விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு? என்ர அவரிட்டக் கேட்டுப் பாருங்கோ, அவர் பொய் சொல்லுற ஆளே?"

"கேக்க என்ன இரிக்கி? வேல தெரிஞ்ச மனிசன் சொல்றாரு."

அவள் சூடு ஆறாத பிராக்கெட்டைச் சாக்கில் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். சூடு பட்டிருக்கும். முகத்தில் காட்டவில்லை.

அவளும் முஸம்மிலும் போனபிறகு வாங்கில் இருந்த ஒருவன், "எல்லாத்துக்கும் பசை எண்டு சொல்லித் தப்பலாம் போல" என்று ஜபாரிடம் மெதுவாய்ச் சொன்னான். மெதுவாய்ச் சொன்னது காதில் விழத்தான். சாஹுல் ஹமீதுக்குப் பொறுக்கவில்லை. பின்பக்கத்துக் குவியலில் கிடந்த ஒரு பழைய பம்பு மூடியை எடுத்தார். வார்ப்பு அலுமினியம், பல வருடமாய் அவரிடமே கிடப்பது, ஒருவரும் கை வைக்காதது. "இந்தா பாருங்கடா, பசையில்லாத சாமான் எப்பிடி வெள்ளையா வருது எண்டு" என்று சொல்லி, அதே மாதிரிக் கழுவி, தேய்த்து, சூடு காட்டி, டோர்ச்சை வைத்தார்.

கொதித்தது. கறுத்தது. தேன்வதை.

வாங்கில் இருந்தவர்கள் நல்ல காலத்துக்கு, அவர் கழுவித் தேய்க்கிற நேரத்திலேயே கூட்டமாய் எழும்பிப் போயிருந்தார்கள். அவர் முதலில் வாயு விற்றவனைத் திட்டினார், கலப்படம் பண்ணிவிட்டான் கள்ளன் என்று. பிறகு கம்பி விற்றவனைத் திட்டினார். குழாயைப் பிடித்து ஓட்டை தேடினார். ஊரில் திட்ட ஆள் முடியும்வரை திட்டினார்.

"நானா," என்று ஜபார் சத்தம் போட்டான், "உங்கட பின்கதவால வாற மண்ணெல்லாம் என்ட வடைச்சட்டிக்குள்ளதான். அஞ்சு நிமிசம் சாத்துறன், கோவிக்கவேணாம்." கேட்காமலே வந்து பின்கதவைச் சாத்தி, முன்கதவையும் இழுத்துவிட்டுப் போனான்.

பட்டறைக்குள் சட்டென்று காது அடைத்த மாதிரி அமைதி. அவர் கோபத்தோடு மறுபடி டோர்ச்சை வைத்தார். மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு உருகிற்று. கொதிக்கவில்லை. வட்டமாய், பளபளவென்று, பாதரசம் மாதிரி நின்றது. கம்பியைத் தொட்டார், கம்பி கரைந்து அதற்குள் போனது. இழுத்துக்கொண்டே போனார். பின்னால் வெள்ளை வெளேரென்று மீன்செதில் மாதிரி ஒட்டு படிந்துகொண்டே வந்தது.

டோர்ச்சை அணைத்துவிட்டு நின்றார்.

காற்று. உருகின அலுமினியத்தை வெளிக்காற்றுப் படாமல் போர்த்தி வைக்கத்தானே அந்த வாயு? கச்சான் காற்று பின்கதவால் நுழைந்து முன்கதவால் போகிற வழியில் அந்தப் போர்வையை உரித்துக்கொண்டு போயிருக்கிறது. இரும்புக் கம்பிக்கு மருந்துப் பூச்சே காவல், அதனால் இத்தனை வருடம் தெரியவில்லை. கடல் படுத்திருக்கும் மாதங்களில் காற்றும் படுத்திருக்கும், அதனாலும் தெரியவில்லை. கள்ளன் என்ற பெயர் வரக்கூடாதென்று திறந்துவைத்த கதவு இன்றைக்கு ஒரு பெண்ணைக் கள்ளியாக்கி அனுப்பிவிட்டது.

கதவா? கதவுமேல் பழிபோட அவருக்கு மனம் வந்தது, வராமல் இல்லை. காற்றுக்குத் தெரியாமல் போனது பிசகு, பிசகு எல்லாருக்கும் வரும். ஆனால் மணக்குது என்றாரே? பசை எரிந்தால் எப்படி மணக்கும் என்று அவருக்குத் தெரியும். தொண்டையைப் பிடிக்கிற நாற்றம், ஒரு நாள் முழுக்கப் போகாது. அந்த நாற்றம் பட்டறையில் இருக்கவில்லை. மணக்குது என்று சொல்லும்போதே அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

கதவைத் திறக்காமல் இருட்டில் குந்தியிருந்தார். ஒருவருக்கும் தெரியாது. ஜபாருக்கு வடைச்சட்டிதான் தெரியும். நாளை விடிய லொறி போய்விடும், கதையும் அதோடு போய்விடும். இப்படி நினைத்தவுடன் நெஞ்சு ஆறவேண்டும், ஆறவில்லை. நிலத்தில் அடித்த அந்தக் கைச் சத்தம் இன்னும் பட்டறைக்குள்ளேயே கிடந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது, கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கப் போனவர், தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். தொழுதுவிட்டு நேரே ரோட்டுக்கு வந்து ஒரு த்ரீவீலரை மறித்தார்.

முஸம்மிலின் வாடி கடற்கரையோரம், கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில். லொறியில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிலுக்சன் பழைய பிராக்கெட்டைப் பூட்டி இறுக்கிக்கொண்டிருந்தான். கஜலக்ஷ்மி தங்கள் வலையை லொறியில் இருந்து திரும்ப இறக்கிக்கொண்டிருந்தாள், தவச்செல்வன் ஒருவரையும் பாராமல் அதை வாங்கிச் சுருட்டினான்.

"முஸம்மில், ஒரு கதை," என்றார் சாஹுல் ஹமீது. "தனியக் கதைக்கணும்."

"இங்கினயே கதைங்க நானா, வேல கிடக்கு."

தனியே கதைக்கத்தான் வழி முழுக்க யோசித்து வந்தார். அது நடக்கவில்லை. வலை ஏற்றுகிறவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அந்த ஒட்டுக் கறுத்ததுக்குப் பசை காரணமில்ல. காத்து. பட்டறைக்குள்ள காத்து பூந்து வாயுவைக் கொண்டு போயிட்டு. கதவைச் சாத்திப் பாத்தன், நல்லா வருது. அவங்கட சாமானில பிழையில்ல."

"காத்தா?" லொறிக்கு மேல் நின்றவன் சிரித்தான். "அப்ப பொய் சொன்னது கச்சான் காத்தோ நானா?"

எல்லாரும் சிரித்தார்கள். முஸம்மிலும் சிரித்தான். "சரி, போகட்டும் நானா. ஆருக்கும் பிழை வாறதுதான். நிலுக்சன் பூட்டியும் முடிஞ்சான், இனி அதை ஏன் கிண்டுவான்?"

அத்தோடு திரும்பிப் போயிருக்கலாம். பிசகு என்று சொல்லியாயிற்று, கேட்டவனும் போகட்டும் என்றான். கஜலக்ஷ்மிதான் விடவில்லை. வலையைக் கீழே போட்டுவிட்டு முன்னுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"மணக்குது எண்டு சொன்னீங்கள்."

அவர் த்ரீவீலர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"காத்துக்குக் கறுக்கும். சரி. காத்துக்குப் பசை மணக்குமே நானா?"

வாடியில் சிரிப்பு நின்றது. சாஹுல் ஹமீது மண்ணைப் பார்த்தார். தன் அறுபத்துச் சொச்ச வயதில் எத்தனை பேரை இப்படி எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பார்! தான் அந்த இடத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை.

"மணக்கல்ல," என்றார்.

"விளங்கேல்லை."

"மணக்கல்ல பிள்ளை. ஒரு மணமும் வரல்ல. வரல்ல எண்டு தெரிஞ்சுதான் சொன்னன். எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க, எனக்கு வெக்கமாப் போயிட்டு, உன்ட தலையில போட்டன்."

முஸம்மில் தலையைச் சொறிந்தான். "எனக்கும் மணந்த மாதிரித்தானே இருந்த," என்றான், தனக்கே சொல்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் காரமாய், "நானா, உங்கட வாயைக் கேட்டுத்தான் நான் ஆளை மாத்தினன். இனி நீங்க ஒட்டி, அது கடலில விட்டுப் போனா? ஆரு பொறுப்பு?"

"விடாது."

"இப்பவும் உங்கட வாய்தான் சொல்லுது. சத்தியம் பண்ணுவீங்களா?"

சாஹுல் ஹமீது கையைத் தூக்கினார்.

"வேண்டாம்," என்றாள் கஜலக்ஷ்மி. "என்ர பிள்ளையை இழுத்தது காணும். அவரிட்டச் சத்தியம் கேக்கவேண்டாம், எனக்குத் தேவையில்லை. ஒட்டித் தரட்டும், இவர் பூட்டிப் பாப்பார். சரிவந்தா நாங்கள் போறம், வராட்டி நிலுக்சன் போகட்டும்."

நிலுக்சன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "அக்கா சொல்லுறது சரி. எனக்கும் இதைக் கொண்டு போக மனமில்லை" என்றான்.

தவச்செல்வன் சாக்கோடு பிராக்கெட்டைக் கொண்டுவந்து த்ரீவீலரில் வைத்தான். சாஹுல் ஹமீது வழக்கம்போல், "ஆராவது வந்து பக்கத்தில நிண்டு பாருங்க" என்று சொல்ல வாயெடுத்தார். கஜலக்ஷ்மி வலைப்பக்கம் திரும்பிவிட்டாள். தவச்செல்வனும் போய்விட்டான். ஒருவரும் வரவில்லை.

இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு வேலை செய்தார். சூளைக்குள் இருக்கிற மாதிரி வெக்கை. கறுத்த ஒட்டை எல்லாம் வெள்ளி தெரியும்வரை அரிந்து எடுத்தார். கழுவி, தேய்த்து, மறுபடி கரி பூசிச் சூடு காட்டினார். ஒரேயடியாக இழுக்காமல், கொஞ்சம் ஒட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபக்கம் திருப்பி ஒட்டினார். முடிந்ததும் வெறும் நிலத்தில் வைக்கவில்லை. சட்டென்று ஆறினால் வார்ப்பு பிளக்கும், தகர டிரம்மில் சூடாக்கி வைத்த கடல்மணலுக்குள் புதைத்தார். எந்தக் கண்ணும் பார்க்காமல் அவர் செய்த முதல் வேலை அதுதான். வேலை சுத்தமாய் வந்தது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

விடிய வெள்ளாப்பில் வாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். தவச்செல்வன் ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தான், சுத்தியல் பிடியால் தட்டிக் கேட்டான், பூட்டினான், இஞ்சினைத் தூக்கி மாட்டி முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினான். பிராக்கெட் இம்மியும் அசையவில்லை. முஸம்மில் அவர்களுடைய வலையை ஏற்றச்சொல்லிக் கையைக் காட்டினான்.

கஜலக்ஷ்மி லொறியில் ஏறப் போகும்போது அவர் கிட்டப் போனார்.

"பிள்ளை, மாப்புச் செய்யணும்."

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். "இஞ்சின் திரும்பி வந்திட்டுது நானா. பிள்ளையில சொன்ன சத்தியம் எப்பிடித் திரும்பி வரும்? அதை நான்தான் கொண்டு திரியவேணும்."

கோபமாய்ச் சொன்னாலும் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாய்ச் சொல்லிவிட்டு ஏறிப் போனாள். லொறி மணலில் உருண்டு ரோட்டில் ஏறிக் கண்மறைந்தது.

மறு கிழமை இனாஸ் என்ற மீன் லொறிக்காரன் உடைந்த கியர் மூடி ஒன்றோடு பட்டறைக்கு வந்தான். பட்டறைக் கதவு சாத்திக் கிடந்ததைக் கண்டு தட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"நானா, சிலாபம் மீன் சந்தையில உங்கட கதைதான். ஒருத்தி பசை பூசின சாமானைக் கொண்டாந்து உங்கள ஏமாத்தப் பாத்தாளாமே? பிள்ளைமேல பொய்ச் சத்தியமும் பண்ணினாளாம்? நீங்க மணத்திலயே பிடிச்சிட்டீங்களாம்! கெட்டிக்காரன்தான் நீங்க."

அவன் சிரித்துக்கொண்டு நின்றான். சாஹுல் ஹமீது கியர் மூடியை அவன் கையில் இருந்து வாங்கவில்லை.

"குந்து," என்றார். "அது அப்பிடியில்ல. அவள் சொன்ன சத்தியம் மெய். பொய் சொன்ன நான்."

"என்ன நானா பகிடி விடுறீங்க?"

"பகிடியில்ல. கேட்டுக்கிட்டுப் போய் அதே சந்தையில சொல்லு," என்று கதிரையை அவன் பக்கம் இழுத்துவிட்டு, தன் வாயாலேயே, முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார். இனாஸ் அரைவாசியில் ஃபோனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அவன் போய்ச் சந்தையில் எதைச் சொல்லுவான் என்று அவருக்குத் தெரியாது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.